நோய் ஒருவருக்கு, பத்தியம் வீட்டுக்கே!

(திண்டுக்கல்லில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

    

நமது மேடைகளில் வழக்கமாக இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுவோம். வக்ஃபு சொத்துகளைப் பற்றிப் பேசுவோம். அவையெல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் இன்று நான் பேச வந்திருப்பது உங்கள் வீட்டு அடுக்களையைப் பற்றி. உங்கள் அத்தாவின் பாதத்தைப் பற்றி. உங்கள் அம்மா கடைசியாக எப்போது இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார் என்பதைப் பற்றி!

சர்க்கரை நோய் என்றதும், "இதைத்தான் டாக்டர் சொல்வாரே, நீங்கள் ஏன் சொல்ல வேண்டும்?" என்று நினைக்காதீர்கள். டாக்டர் சொல்வது நோயாளியிடம். நான் சொல்ல வந்திருப்பது நோயாளியைச் சுற்றி இருக்கும் உங்களிடம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. நோயின் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர்! இதே ஆய்வின் முதற்கட்ட முடிவு 2011-இல் வந்தபோது, தமிழகத்தின் நகர்ப்புறத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 13.7 பேருக்கும், கிராமப்புறத்தில் 7.8 பேருக்கும் இந்நோய் இருப்பதாகத் தெரிந்தது. நகரத்தில் வாழ்ந்து, கடையில் உட்கார்ந்து தொழில் செய்கிறவர்கள் நாம். இந்தக் கணக்கில் நாம் எந்தப் பக்கம் இருப்போம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மருத்துவமனையில் பத்து நிமிடம். வீட்டில் மூன்று மாதம்

ஒரு கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். பேகம்பூரிலோ, நாகல்நகரிலோ, வத்தலக்குண்டிலோ, நத்தத்திலோ இருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கடை திறக்கிறார். பதினோரு மணிக்கு ஒரு டீ, இரண்டு வடை. வாடிக்கையாளர் வந்துகொண்டே இருப்பதால் மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு. மாலையில் மீண்டும் டீ. இரவு கடை அடைத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது பத்தரை. அதன் பிறகு வயிறு நிறையச் சோறு அல்லது புரோட்டா, உடனே தூக்கம். சரக்கு லோடு ஏற்றி இறக்கும் நாட்களில் இந்த நேரமும் இல்லை.

இவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்க்கிறார். அங்கே அதிகம் போனால் பத்து நிமிடம். "சோற்றைக் குறையுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நடங்கள், மாத்திரையை விடாதீர்கள்" என்கிறார் டாக்டர். இவரும் தலையாட்டிவிட்டு வருகிறார். மீதி மூன்று மாதமும் அவர் வாழ்வது எங்கே? வீட்டில்! சோற்றை வடிப்பவர் யார்? மனைவி. அவர் சாப்பிட்டு வரும்வரை கல்லாவில் உட்கார வேண்டியவர் யார்? மகன். டாக்டர் சொன்னதை இவர்கள் இருவரில் ஒருவராவது கேட்டார்களா? கேட்கவில்லை. சொன்னதை நிறைவேற்ற வேண்டியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். கேட்டவர் ஒருவர் மட்டும்.

ஆகவே முதல் வேண்டுகோளை இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை உங்கள் அத்தா டாக்டரிடம் போகும்போது, "அத்தா, நானும் வர்றேன்" என்று சொல்லுங்கள். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். சமையல் செய்பவர் யாரோ அவரையும் ஒரு முறை அழைத்துப் போங்கள். ஒரு நாள் வியாபாரத்தில் அரை மணி நேரம் போனால் குடி முழுகிவிடாது.

இப்படிச் செய்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். பிரிட்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்து 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வு 1998-இல் முடிவு சொன்னது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனையில், ஏறக்குறைய ஒரு புள்ளி குறைத்து வைத்திருந்தவர்களுக்கு, கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் வரும் பாதிப்பு நூற்றுக்கு 25 அளவு குறைந்தது. ஒரே ஒரு புள்ளி! அந்தப் புள்ளியை நாள்தோறும் குறைப்பதும் கூட்டுவதும் வீட்டுச் சாப்பாடும் வீட்டுப் பழக்கமும்தான்.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னதாகப் பட்டினி கிடந்துவிட்டு, "பாருங்கள், சுகர் நார்மல்" என்று காகிதத்தைக் காட்டும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. வெறும் வயிற்றுப் பரிசோதனையை அப்படி ஏமாற்றலாம். மூன்று மாதச் சராசரியை ஏமாற்ற முடியாது. எந்தப் பரிசோதனை செய்யப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் உடன் செல்பவரின் வேலை.

அவருக்குத் தனிச் சட்டி வேண்டாம்

வீட்டில் எட்டுப் பேர். ஏழு பேருக்குச் சீரகச் சம்பா பிரியாணி. ஒருவருக்கு மட்டும் காய்ந்த சப்பாத்தி! அதையும் அதே தஸ்தரில், அதே வாசனைக்கு நடுவே உட்கார வைத்துக் கொடுக்கிறோம். பத்து நாள் பொறுப்பார். பதினோராவது நாள் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் வந்து பசியில்லை என்பார். குற்றம் அவருடைய நாக்கின் மேல் மட்டும்தானா?

சப்பாத்தியையும் கேழ்வரகுக் களியையும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. கோதுமையும் மாவுச்சத்துதான், கேழ்வரகும் மாவுச்சத்துதான். ஆறு சப்பாத்தி தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கணக்கு எளிது. தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு மீனோ, கறியோ, பருப்போ. மீதிக் கால் பங்குதான் சோறு. ஒட்டன்சத்திரம் போன்ற காய்கறி மார்க்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கத்தரிக்காயைத் தால்சாவில் மட்டும் பார்க்கிறவர்களாக நாம் இருக்கலாமா?

இந்தத் தட்டு அவருக்கு மட்டுமல்ல, எட்டுப் பேருக்கும் வேண்டும் என்பதே என் வாதம். இது தியாகமல்ல; தற்காப்பு. பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் வந்தே தீரும் என்பதில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மட்டுமே செய்தவர்களிடம், மூன்றாண்டுக் காலத்தில், நோய் வருவது நூற்றுக்கு 28 அளவுக்குக் குறைந்திருந்தது. நம்மைப் போன்ற மனிதர்கள், நம் ஊர்ச் சாப்பாடு, நம் தமிழ்நாடு. அத்தாவுக்காக மாற்றும் சட்டி, இருபத்தைந்து வயது மகனையும் காக்கிறது.

பிரியாணியே கூடாதா என்று திண்டுக்கல்லில் நின்றுகொண்டு நான் சொன்னால் நீங்கள் என்னை ஊருக்குள் விடமாட்டீர்கள்! வலீமாவுக்குப் போனால் அளவாகச் சாப்பிடட்டும். ஆனால் "இன்னும் ஒரு கரண்டி" என்று வற்புறுத்துவதை நாம் நிறுத்த வேண்டும். விருந்தோம்பல் நமக்குப் பெருமை. வேண்டாம் என்று கையை நீட்டித் தட்டை மறைப்பவர் மீது திணிப்பது பெருமையல்ல. பிர்னியும் வட்டிலப்பமும் வேண்டாம் என்பவரைக் கேலி செய்யாமல் விடுவதும் ஓர் உதவிதான்.

மறைப்பதால் வரும் நட்டம்

நம் வணிகர்கள் பலர் இந்நோயை மறைக்கிறார்கள். "சுகர் என்று தெரிந்தால் பஜாரில் கடன் கொடுக்கிறவன் யோசிப்பான்" என்ற பயம். "மகளுக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருக்கிறோம், இப்போது வெளியே சொல்ல வேண்டாம்" என்ற எண்ணம். பஜாருக்குச் சொல்ல வேண்டாம், சரி. பெண் கேட்டு வருபவர்களுக்குச் சொல்ல வேண்டாம், சரி. சொந்த மகனுக்கும் சொல்லாமல், மாத்திரையைக் கல்லாப் பெட்டிக்குள் ஒளித்து வைத்து விழுங்குகிறவரை என்ன செய்வது? ஒருநாள் கடையில் வியர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தால், பக்கத்தில் நிற்கும் பையனுக்கு என்ன செய்வதென்று எப்படித் தெரியும்?

வியாபாரத்தில் கணக்கை மறைத்தால் பங்காளி நட்டப்படுவான். நோயைக் குடும்பத்திடம் மறைத்தால் குடும்பமே நட்டப்படும். காலை இழந்தாலோ பார்வையை இழந்தாலோ, கடையை விற்று வைத்தியம் பார்க்கப் போவது அதே மகன்தான்! பெரியவர்களே, உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் ஒன்றும் கடையில் ஒன்றுமாக வையுங்கள்.

காவலுக்கு நிற்காதீர்கள், துணைக்கு நில்லுங்கள்

இப்போது இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த உரையைக் கேட்டுவிட்டு இன்று இரவே வீட்டுக்குப் போய், "அந்த டீயை வை கீழே!" என்று அத்தாவை அதட்டக் கூடாது.

அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வு சிந்திக்க வைக்கிறது. இந்நோயைப் பற்றி நன்கு அறிந்த குடும்பத்தாரே பல நேரங்களில் நோயாளிக்கு இடையூறாகவும் இருப்பதாக அது கண்டது. நச்சரிப்பது, அவர் முன்னாலேயே ஆசை காட்டித் தின்பது, குத்திப் பேசுவது ஆகியவை மிகுந்த வீடுகளில், நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காக உட்கொள்வது குறைந்திருந்தது. அறிவு மட்டும் போதாது; நடந்துகொள்ளும் முறையும் வேண்டும்.

2013-இல் இன்னோர் ஆய்வு வெளிவந்தது. இந்தியா உள்பட 17 நாடுகளில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தாரிடமே நேரடியாகக் கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், எப்படி உதவுவதென்றே தங்களுக்குத் தெரியவில்லை என்றார்கள். மனம் இருக்கிறது, வழி தெரியவில்லை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளின் நவம்பர் 14 உலக நீரிழிவு நாளுக்கும் 'குடும்பமும் நீரிழிவும்' என்பதையே கருப்பொருளாக வைத்தது இதனால்தான்.

அதட்டுவதற்கும் உதவுவதற்கும் என்ன வேறுபாடு? "நடக்கப் போனீர்களா இல்லையா?" என்று கேட்பது அதட்டல். "ஃபஜ்ர் தொழுதுவிட்டு இரண்டு பேரும் மலைக்கோட்டைப் பக்கம் நடந்துவிட்டு வருவோம், வாங்கத்தா" என்பது உதவி. "மாத்திரை போட்டாச்சா?" என்று பேரன் பேத்தி முன்னால் கூவுவது அதட்டல். சாப்பாட்டோடு மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்து வைப்பது உதவி. "மாமா, மதியம் ஒன்றரைக்குச் சாப்பாடு கடைக்கு வந்துவிடும்" என்று மருமகள் சொல்வதும், அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை மகன் கல்லாவைப் பார்ப்பதும் உதவி. சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் ஒதுக்க முடியாத வியாபாரம் யாருக்காக?

அதிலும் ஒரு வரம்பு உண்டு. அவர் நாற்பது ஆண்டு கடை நடத்தியவர். தன் உடம்பைப் பற்றி முடிவு செய்யும் உரிமை அவருக்கு இருக்கிறது. அவரைக் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும். "எந்த விஷயத்தில் நான் உதவினால் உங்களுக்கு லேசாக இருக்கும்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது சொல்லக்கூடும்.

ஆம், இன்சுலின் ஊசி என்றதும் கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று வீடே அழுகிறது. இது தவறு. பல ஆண்டுகள் ஆனபின் உடம்பில் சுரப்பு குறைவதால் வெளியிலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில், நம் கோடை வெயிலில் இன்சுலின் கெட்டுவிடாமல் இருக்க, மணலும் தண்ணீரும் கொண்ட மண்பானைக்குள், நீர் படாத டப்பாவில் வைக்கலாம். ஃபிரிட்ஜ் இருந்தால் ஐஸ் உறையும் தட்டில் மட்டும் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது.

இரவு இரண்டு மணிக்கு

ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது இரண்டு பேர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது, சர்க்கரை தாழ்ந்துவிடும் நிலையைப் பற்றி. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், சாப்பாடு தாமதமானால் இது வரலாம். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை நான்கு மணிக்குத் தள்ளிப்போடும் வணிகர்களே, குறிப்பாக நீங்கள் கேளுங்கள்!

வியர்க்கும். கை நடுங்கும். நெஞ்சு படபடக்கும். கடும் பசி எடுக்கும். காரணமில்லாமல் கோபப்படுவார், சம்பந்தமில்லாமல் பேசுவார். "அத்தாவுக்கு ஏதோ கோபம்" என்று வீட்டார் ஒதுங்கிப் போவார்கள். அது கோபமல்ல, மூளைக்குச் சர்க்கரை போதவில்லை! இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆபத்தின் தொடக்கம். கருவி இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரம் பாருங்கள். தெளியவில்லை என்றால் மீண்டும் அதே அளவு. தெளிந்த பிறகு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்.

மயங்கிவிட்டால், வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு 108-க்குத் தகவல் சொல்லுங்கள். தூக்கத்திலேயே சட்டை நனைய வியர்த்துக் கிடப்பவரை எழுப்பிப் பாருங்கள். இதைப் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான் முதலில் அறிவார். ஆகவே இதை முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியதும் அவருக்குத்தான்.

வலிக்காத புண்

அடுத்து, பாதம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியிலிருந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தவர் டாக்டர் பால் பிராண்ட். கால்கள் புண்ணாகி அழிவதற்குக் காரணம் வலி உணர்ச்சி இல்லாமல் போவதுதான் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். முள் குத்தினாலும் தெரியாது. அதன் மீதே நடப்பார்கள். பல ஆண்டு சர்க்கரை நோயிலும் இதேதான் நேர்கிறது. நரம்பு மரத்துப் போகிறது. தொழுநோயாளிகளுக்காக வந்த எம்.சி.ஆர். மென்ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். தோல் வணிகத்தில் பெயர் பெற்ற ஊர் நம்முடையது. நல்ல செருப்பின் மதிப்பை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் அப்படி ஒரு செருப்பை நம் பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறோம்? தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியருகே ஈரத்தில் நிற்கும் தொழிலாளிக்கு இந்நோய் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. அவருக்குத் தகுந்த காலணி கொடுப்பது முதலாளியின் கடமை.

ஜும்ஆவுக்குப் போகும்போது, சித்திரை வெயிலில் பள்ளிவாசல் முற்றத்துக் கல் எப்படிக் கொதிக்கும்! உணர்ச்சியுள்ளவர் துள்ளி ஓடிவிடுவார். மரத்த காலுடைய பெரியவர் நிதானமாக நடப்பார். அன்று மாலைதான் கொப்புளம் தெரியும். ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஒளுச் செய்யும் இடத்திலிருந்து வாசல்வரை பாய் விரிப்பதற்கு என்ன பெரிய செலவாகிவிடும்?

ஒரு நாளைக்கு ஐந்து முறை காலைக் கழுவுகிறவர்கள் நாம். கழுவிய பின் விரல் இடுக்கை ஒரு துணியால் ஒற்றி உலர வையுங்கள். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். பாதத்தின் அடிப்பக்கத்தை வயதானவர் தானே பார்க்க முடியாது. இரவில் பேரனோ பேத்தியோ விளக்கைப் பிடித்து ஒரு நிமிடம் பார்க்கட்டும். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, நகக்கண்ணில் சீழ் எது தெரிந்தாலும் மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள். காலாணியைப் பிளேடால் சீவுவதும், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் கூடவே கூடாது. பல கால்கள் போனதற்கு முதல் காரணம் ஒரு சிறு புண். இரண்டாவது காரணம், "வலிக்கவில்லையே" என்று விட்ட இரண்டு வாரம்.

அம்மாவுக்கு யார்?

இதுவரை அத்தாவைப் பற்றியே பேசினேன். வேண்டுமென்றேதான். ஏனென்றால் நம் வீடுகளிலும் அப்படித்தான் நடக்கிறது. அத்தாவுக்குச் சர்க்கரை என்றால் அம்மா பத்தியம் சமைக்கிறார்; மருமகள் மாத்திரை எடுத்து வைக்கிறார்; மகன் டாக்டரிடம் அழைத்துப் போகிறான். அம்மாவுக்குச் சர்க்கரை என்றால்? யார் சமைக்கிறார்கள்? யார் எடுத்து வைக்கிறார்கள்?

எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சோற்றை, வீணாகிவிடக் கூடாதே என்று மாலை நான்கு மணிக்குச் சாப்பிடுகிறவர் அவர். குழம்பில் காயெல்லாம் தீர்ந்திருக்கும். சோறு மட்டும் மிச்சமிருக்கும். கால் வலி என்பார்; களைப்பு என்பார்; "வயசாகிடுச்சு, வேறென்ன" என்று தானே மருந்தும் சொல்லிக்கொள்வார். டாக்டரிடம் போக ஓர் ஆண் துணைக்காகக் காத்திருப்பார், மகனுக்கோ கடை. தனக்காக ஐநூறு ரூபாய் செலவழிக்கச் சொல்லிக் கேட்க நம் தாய்மார்களுக்கு வாய் வராது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறியிருந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மிக அதிகம். பிள்ளை பெற்ற பிறகு அவர்களை யார் மறுபடியும் பரிசோதிக்கிறார்கள்?

இளைஞர்களே, தாயின் உரிமையைப் பற்றி நாம் மேடையில் நிறையப் பேசுகிறோம். அந்த உரிமைக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. முதல் பந்தியிலேயே அம்மாவையும் உட்கார வையுங்கள். அம்மாவின் பரிசோதனைக்கு ஒரு நாளைக் குறியுங்கள். மனைவிக்கும் சகோதரிக்கும் அப்படியே.

நோன்பு மாதத்துக்கு முன்னால்

நோன்பில் நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. ஆனால் நம் பெரியவர்கள் அதை ஏற்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். 13 நாடுகளில் முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளுக்கு, ரமலானில் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்வது மற்ற மாதங்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது.

யாரும் நோன்பு வைக்கக் கூடாது என்பதல்ல இதன் பொருள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு, நீரிழிவும் ரமலானும் பற்றிய அமைப்புடன் சேர்ந்து 2016-இல் வெளியிட்டு 2021-இல் திருத்திய வழிகாட்டி, நோயாளிகளை ஆபத்தின் அளவுப்படி பிரிக்கிறது. நன்கு கட்டுப்பாட்டில் உள்ள பலர், டாக்டரின் யோசனைப்படி மாத்திரை நேரத்தை மாற்றிக்கொண்டு வைக்கலாம். சிறுநீரகம் பழுதானவர்கள், அண்மையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள் போன்றோர் வைக்கக் கூடாது. ரமலானுக்கு 6 முதல் 8 வாரத்துக்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். நோன்பு நேரத்தில் 70-க்குக் கீழே போனாலோ, 300-க்கு மேலே போனாலோ அப்போதே நோன்பை விட்டுவிட வேண்டும். விரலில் குத்திப் பரிசோதிப்பதால் நோன்பு முறியாது என்பதை மார்க்க அறிஞர்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள்.

இங்கே குடும்பத்தின் பங்கு என்ன? சஹர் உணவைத் தவறவிடாமல் எழுப்புவது. நோன்பு திறந்ததும் சமோசாவையும் சர்பத்தையும் மலைபோல் குவிக்காமல் இருப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோன்பு வைக்க முடியாதவரைக் குற்றவாளியைப் போல் பார்க்காமல் இருப்பது. "மாமி, டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அல்லாஹ் அறிந்தவன், ஃபித்யா கொடுத்திடலாம்" என்று மருமகள் சொல்லும் ஒரு வார்த்தை, ஓர் உயிரைக் காக்கும்.

என்ன செய்யலாம்?

அரசு தரும் வசதிகளை முதலில் பயன்படுத்துவோம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் இத்திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. நம் தெருவுக்கு வரும் அந்தத் தன்னார்வப் பெண்ணைக் கதவுக்கு வெளியே நிறுத்திப் பதில் சொல்லி அனுப்பாதீர்கள். உள்ளே அழைத்து, வீட்டிலுள்ள பெண்கள் அனைவரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நமது மாவட்டத் தலைமை மருத்துவமனை இன்று மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக உயர்ந்திருக்கிறது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. வரிசையில் நிற்க நேரமில்லாதவர்கள் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலும் குறைந்த விலைக்கு மருந்து வாங்கலாம். காசில்லை என்று மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர் நம் தெருவில் இருக்கக் கூடாது. பைத்துல்மால் எதற்காக இருக்கிறது?

ஜமாஅத்துகளுக்கு ஒரு கோரிக்கை. ஆண்டுக்கு இரு முறை, அதில் ஒரு முறை ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பு, பரிசோதனை முகாம் நடத்துங்கள். நோயாளி தனியே வராமல், குடும்பத்தில் ஒருவரோடு வர வேண்டும் என்று அறிவியுங்கள். பெண்களுக்குத் தனி நேரமும் பெண் டாக்டரும் ஏற்பாடு செய்யுங்கள். இளைஞர்கள் தெருவுக்கு இருவராகப் பொறுப்பேற்று, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளைக் கவனியுங்கள். வளைகுடாவிலிருந்து பணம் வருகிறது. கூட்டிப்போக ஆள் வருவதில்லை. அந்த ஆளாக நீங்கள் இருங்கள்.

கடைசியாக, கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். அத்தாவிடம், "அடுத்து எப்போ டாக்டர்கிட்டப் போறீங்க? நானும் வர்றேன்." அம்மாவிடம், "உங்களுக்கு எப்போ டெஸ்ட் எடுத்தது?" வீட்டில் எல்லோரிடமும், "இராத்திரி வியர்த்து மயக்கம் வந்தால் சர்க்கரை டப்பா எங்கே இருக்குன்னு எல்லாருக்கும் தெரியுமா?" மூன்றாவது கேள்விக்கு ஒருவருக்கேனும் பதில் தெரியவில்லை என்றால், அதைத் தூங்கப் போவதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பெற்றோருக்கு நலமான நீண்ட ஆயுளையும், அவர்களைப் பேணும் பொறுமையை நமக்கும் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.